பன்னீர்ச் செம்பும் என் காது மெஷினும்

1

அண்ணா மறுபடியும் பன்னீர்ச் செம்போடு வருகிறாராம்.

என் பிள்ளை மணிக்கு வரும் மாசியில் பூணூல். மாயவரத்திலிருந்து அண்ணாவும் மன்னியும் இன்னும் அரை ரயில் பெட்டி நிறையச் சொந்தக்காரர்களும் மைசூருக்கு வருகிறார்கள். "மைசூர்ல நல்ல செம்பு கிடைக்காது. நம்மாத்து வெள்ளிச் செம்பையே எடுத்துண்டு வரேன், சாமாகிட்டச் சொல்லிடு" என்று இந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். சாமா என்பது நான்தான். சாமிநாதன் என்ற முழுப் பெயர் ஆபீசுக்கு மட்டும்.

போன தை மாதம் இதே ஊரில் என் பெண் ஜெயாவின் கல்யாணத்தில் அந்த வெள்ளிச் செம்பு என்ன செய்தது என்பது அண்ணாவுக்கு அடியோடு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை. ஒரு வருஷமாக உள்ளுக்குள்ளேயே வைத்துப் பொருமியாகிவிட்டது. இனிமேல் முடியாது. ஆகவே மாயவரத்திலும் கும்பகோணத்திலும் சௌக்கியமாக இருந்துகொண்டு, கல்யாணம் கார்த்திகை என்றால் மட்டும் அன்னிய தேசத்தில் கிடக்கும் எங்களைப் பார்க்க வரும் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. ஜுரம் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வலது காது சுத்தம். இடது காதில், ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துக்கொண்டு கத்தினால் கேட்கும். ஆனால் யார் அப்படிக் கத்துகிறார்கள்? செவிடனிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் எதிரே நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு, கையை ஆட்டி, ஊருக்கே கேட்கும்படி கத்துகிறார்கள். ஊருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை.

வாய் அசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள நானாகவே பழகிக்கொண்டேன். தமிழாக இருந்தால் முக்கால்வாசி புரிந்துவிடும். கன்னடத்தை என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாதித் துக்கம் இதில்தான் இருக்கிறது.

2

ரயில்வேயில் கணக்கு உத்தியோகம் என்று நான் மைசூருக்கு வந்தபோது மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். சுதந்திரம் வந்தது, சமஸ்தானம் போயிற்று, ராஜ்யங்களை மொழி பார்த்துப் பிரித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் எங்கள் தெருவில் நான் "மெட்ராஸ்காரர்" தான். மெட்ராசை நான் ரயில் மாறும்போது பார்த்ததோடு சரி. அது போகட்டும். மாயவரத்துக்குப் போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நான் வாயைத் திறந்ததும் சிரிக்கிறீர்கள். "சும்மனே இருங்கோன்னு சொல்றான் பாரு, மைசூர்க்காரன் ஆயிட்டான்" என்கிறீர்கள். இரண்டு ஊரிலும் நான் விருந்தாளி. எந்த ஊரிலும் எனக்கு விருந்து கிடையாது.

வீட்டில் குழந்தைகள் வேறு. ஜெயாவும் மணியும் இங்கே பிறந்து இங்கே படித்தவர்கள். எங்களோடு தமிழில் பேசுவார்கள். அவர்களுக்குள் கன்னடம். "மணி, இங்கே வாடா" என்றால் "பர்தீனி" என்று உள்ளேயிருந்து பதில் வருமாம். வருகிறேன் என்று அர்த்தம், வருவதுதான் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டும் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். என் மனைவி விசாலமும் சேர்ந்து சிரிப்பாள். நான் மூன்று வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ரசத்தைப் பிசைவேன். என் வீட்டுச் சாப்பாட்டுப் பலகையில் நான் வெளியூர்க்காரன்.

அந்த நிலையில்தான் மெஷின் வந்தது. விசாலத்தின் தம்பி சுந்தரம் கப்பலில் என்ஜினீயர். சீமையிலிருந்து வரும்போது வாங்கி வந்தான். சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதை மார்பில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியின் முகத்தில் சல்லடை மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் சத்தம் உள்ளே போகும். அங்கிருந்து ஒரு ஒயர் மேலே ஏறி, இடது காதில் ஒரு குமிழில் வந்து முடியும்.

அதை மாட்டிக்கொண்ட முதல் நாள் சாயங்காலம் ஜெயா பக்கத்து அறையில் தம்பியைத் திட்டுவது எனக்குக் கேட்டது. சுத்தமான கன்னடத் திட்டு. ஒவ்வொரு வார்த்தையாக நின்று கேட்டேன். விசாலம் வந்து, "ஏன்னா, என்னத்துக்கு இப்படி அழறேள்?" என்றாள். குழந்தை அவ்வளவு அழகாகத் திட்டுகிறாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஊராருக்கு அது ரேடியோ. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து ஆசாமி கிரிக்கெட் ஸ்கோர் கேட்பான். ஒரு நாள் ரேடியோ லைசென்ஸ் சோதிக்கிறவர் எங்கள் தெருவுக்கு வந்தார். என் மார்பையும் ஒயரையும் பார்த்துவிட்டார்.

"இதேனு ஸ்வாமி? ரேடியோவுக்கு லைசென்ஸ் எல்லி?"

லைசென்ஸ் எங்கே என்று கேட்கிறார். இது ரேடியோ இல்லை, காது என்றேன். பேட்டரி இருக்கிறது, ஒயர் இருக்கிறது, சத்தம் வருகிறது, அப்புறம் ரேடியோ இல்லாமல் என்ன என்றார். கடைசியில் நான் செவிடன் என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார். போனேன். அந்த டாக்டர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் மெஷினைப் போட்டுக்கொண்டு பதில் சொன்னேன். "நன்றாகக் கேட்கிறதே, நான் எப்படிச் சர்டிபிகேட் கொடுப்பது?" என்றார். சரி என்று மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இப்போது கேள்வி கேட்டார், நான் பேசாமல் இருந்தேன். பதில் சொல்ல மாட்டேன் என்கிறானே என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சுயராஜ்யத்தில் நான் செவிடன் என்று நிரூபிக்கப் பட்ட பாடு, வேறு எதற்கும் பட்டதில்லை.

3

சுந்தரம் மெஷினைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னான். "அத்திம்பேர், தண்ணி மட்டும் ஆகாது. ஒரு சொட்டு உள்ள போனாலும் போச்சு. ரிப்பேருக்குக் கப்பல்லதான் அனுப்பணும்."

அன்றிலிருந்து எனக்குத் தெரியவந்தது, நாம் எவ்வளவு ஈரமான ஜனங்கள் என்று. விடிந்தால் வாசல் தெளிக்கிறோம். குளிக்கிறோம், தெளிக்கிறோம், ஆசமனம் செய்கிறோம், இலையைச் சுற்றி ஜலம் சுற்றுகிறோம். கோயிலுக்குப் போனால் தீர்த்தம் கொடுத்தது போக மிச்சத்தைத் தலையில் தெளிக்கிறார்கள். யாராவது போனால் ஸ்நானம், யாராவது பிறந்தால் புண்யாகவாசனம். எந்தக் காரியமானாலும் மாவிலையில் தண்ணீரைத் தொட்டு நம் மேல் உதறாமல் எந்தச் சாஸ்திரிக்கும் கை நிற்காது. மார்பில் ஒரு மின்சாரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தச் சமூகத்தில் நடமாடிப் பாருங்கள், தெரியும்.

எதிர்வீட்டு நாகம்மா நல்ல பெண்மணி. ஆனால் நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் வாசலில் குடத்தைக் கவிழ்ப்பாள். "ஐயோ, க்ஷமிஸி ராயரே!" என்று மன்னிப்பும் கேட்பாள். மறுநாளும் கவிழ்ப்பாள். ஆனி ஆடியில் மைசூர் மழை இருக்கிறதே, அது நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. ஜிடிஜிடி மழை என்று இங்கே சொல்வார்கள். நாள் பூரா ஊசித் தூறல். குடை பிடித்தாலும் பக்கவாட்டில் வந்து நனைக்கும். மழை நின்றால் வேர்வை. வேர்வை உப்புத் தண்ணீர், அது இன்னும் மோசம் என்று சுந்தரம் சொல்லியிருக்கிறான்.

விசாலம்தான் இதற்கு வழி கண்டாள். குழந்தைக்குத் தொட்டிலில் விரிக்கிற மெழுகுசீலை ஒரு துண்டு வீட்டில் இருந்தது. அதில் பெட்டி அளவுக்கு ஒரு பை தைத்தாள். முன்பக்கம் ஒரு மூடி, ஒரு பித்தான். ஈரம் இருக்கும் இடத்தில் மூடியைப் போட்டுக்கொள்ள வேண்டும், பேச்சுக் கேட்க வேண்டிய இடத்தில் திறந்துகொள்ள வேண்டும். மூடினால் உலகமே கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் பெட்டி நனையாது.

ராத்திரி படுக்கும் முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒயரைத் துடைத்து, பெட்டியை ஒரு மெல்லிய துணியில் சுற்றிப் பச்சரிசி டின்னில் வைத்துவிடுவோம். உள்ளே தங்கின ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். இதற்கு விசாலம் லேசில் சம்மதிக்கவில்லை. பெட்டியோடு வந்த பட்டை தோல்பட்டை. "சாதம் வடிக்கிற அரிசியில தோலைக் கொண்டுவந்து வெப்பேளா?" என்று ஒரு வாரம் பேசவில்லை. பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நாடா கட்டினேன். அப்புறம் அரிசி டின் திறந்தது.

இப்படிக் கண்ணை இமை காப்பது போலக் காப்பாற்றி வந்தேன். தீர்த்தத்துக்கு மூடினேன், தூறலுக்கு மூடினேன், நாகம்மாவுக்கு மூடினேன். ஒரு நாள்கூட நனையவில்லை. உங்கள் கை படும்வரை.

4

ஜெயாவுக்குப் பெங்களூரில் வரன் அமைந்தது. நம்மவர்கள்தான். அவர்களும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்தவர்கள். பையனுக்குத் தமிழைவிடக் கன்னடம் சரளம். ஜெயாவுக்கு அதில் ஏகப்பட்ட திருப்தி.

கல்யாணம் நிச்சயமானதிலிருந்து எனக்கு ஒரே ஒரு கவலை. கன்யாதானம் நான் செய்ய வேண்டும். சாஸ்திரிகள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லுவார், பெண்ணைப் பெற்றவன் அதைக் கேட்டு அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். என் பாட்டனார் பெயர், அப்பா பெயர், என் பெயர் சொல்லி, இன்னாருடைய பெண்ணை இன்னாருக்குக் கொடுக்கிறேன் என்று என் வாயால் சொல்லித் தாரை வார்க்க வேண்டும். காது போன பிறகு எத்தனையோ காரியத்தை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். கச்சேரி போயிற்று, காலட்சேபம் போயிற்று. ஆபீசில் எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு மேலே போனான். இதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. என் பெண்ணை நான்தான் கொடுப்பேன்.

முன்ஜாக்கிரதையாகச் சாஸ்திரிகளிடம் போய், மந்திரத்தை எழுதிக் கொடுங்கள், நெட்டுருப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"எழுதி வெச்சுப் படிக்கறதுக்கு இதென்ன நாடகமா? நான் சொல்ல, நீங்க காதால கேட்டுச் சொல்லணும். கேட்டாத்தான் மந்திரம்."

"மெஷின் இருக்கு. கேப்பேன்."

"அப்ப சரி" என்றார், மெஷினைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே.

முகூர்த்தத்தன்று என்னென்ன தண்ணீர் வரும் என்று விசாலமும் நானும் முன்னதாகவே உட்கார்ந்து யோசித்தோம். தாரை வார்க்கிற தண்ணீரை அவள்தான் ஊற்ற வேண்டும்; மெல்ல ஊற்றுகிறேன் என்றாள். மாவிலைத் தெளிப்பை வலது பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சாஸ்திரிகள் ஒப்புக்கொண்டார். பெட்டியை இடது தோளுக்குக் கீழே உயர்த்திக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம். மெழுகுசீலைப் பையை மட்டும் அன்றைக்குக் கழற்றிவிட்டேன். அங்கவஸ்திரத்தோடு அது உரசினால் கரகரவென்று சத்தம் வரும், மந்திரம் பிசகிவிடும். எல்லாத் தண்ணீரையும் எண்ணினோம். பன்னீர் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

5

அண்ணா ரொம்ப நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர். மாயவரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது அவர்தான். சிலர் செம்பை லேசாக ஆட்டி இரண்டு துளி விழச் செய்வார்கள். அண்ணாவுக்கு அது பிடிக்காது. வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிப்பதில் சிக்கனம் பார்த்தால் வீட்டுக்கே மானக்கேடு என்பது அவர் கட்சி. தோளிலிருந்து வீசித் தெளிப்பார். அவர் நிற்கிற வாசல் வழியாக வந்தவர்கள் பந்தியில் உட்காரும்போதும் ஈரமாகத்தான் இருப்பார்கள்.

காசியாத்திரைக்குக் கிளம்பின மாப்பிள்ளையைச் சமாதானம் செய்து, குடை பிடித்துச் சத்திரத்துக்குள் அழைத்து வந்துகொண்டிருந்தேன். சம்பந்தி என் பக்கத்தில். நாதஸ்வரம் முழங்குகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் எனக்கு மார்பிலிருந்து காதுக்கு ஏறுகிறது. வாசலில் அண்ணா. மாப்பிள்ளைக்கு ஒரு வீச்சு. சம்பந்திக்கு ஒரு வீச்சு. செம்பு என் பக்கம் திரும்பியது.

"அண்ணா, எனக்கு வேண்டாம்! மெஷின், மெஷின்!"

"போடா அசடு! பொண்ணைப் பெத்தவனுக்கு இல்லாத பன்னீரா?" என்று சிரித்துக்கொண்டே, மற்ற எல்லோரையும்விட எனக்குத் தாராளமாக, மூன்று வீச்சு. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மாப்பிள்ளை. நான் எந்தக் கையால் மூடுவேன்?

சல்லடை ஓட்டைகள் வழியாகப் பன்னீர் நேரே உள்ளே போயிற்று. காதில் கடுகு வெடிக்கிற சத்தம். பிறகு ஒரு நீண்ட விசில். பிறகு ஒன்றுமில்லை. எதிரே நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பி உப்பி ஊதிக்கொண்டிருக்கிறார், குழலிலிருந்து சத்தமே வரவில்லை.

மெஷினைக் கழற்றினேன். பேட்டரியை எடுத்தேன். பெட்டியைக் கவிழ்த்து உதறினேன். துணியால் ஒற்றினேன். சமையல்காரர் ஓடி வந்து, தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் வைத்தால் உலர்ந்துவிடும் என்று கையால் ஜாடை காட்டினார். பெட்டியை அவர் கையில் கொடுக்காமல் காப்பாற்றியதே பெரும்பாடாகிவிட்டது. நல்லது செய்ய வருகிறவர்களிடமிருந்து ஒரு பொருளைக் காப்பாற்றுவது எவ்வளவு சிரமம் என்று அன்று தெரிந்தது. பெட்டியை அரிசி மூட்டைக்குள் புதைத்துவைக்கலாம்தான். அதற்கெல்லாம் ஒரு நாள் பூரா வேண்டும். முகூர்த்தம் நிற்குமா?

உலராது என்று தெரிந்தும் பெட்டியை மறுபடி மார்பில் கட்டிக்கொண்டு மணையில் போய் உட்கார்ந்தேன்.

6

சாஸ்திரிகள் வாயை அசைத்தார். நான் அவர் வாயையே பார்த்தேன். ஹோமப் புகையில் உதடு தெரியவில்லை. தெரிந்தாலும் சம்ஸ்கிருதத்தை உதட்டில் படிக்க நான் எங்கே கற்றேன்? அவர் நிறுத்தினார், என்னைப் பார்த்தார். மறுபடி அசைத்தார். நான் ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டி, இல்லை என்றார். என் உடம்பெல்லாம் பன்னீர் மணந்தது.

அப்புறம் அவர் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு தமிழில் பேசினார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

"கர்த்தாவுக்குக் காது கேக்கலேன்னா நான் என்ன பண்றது? நேரம் போயிண்டிருக்கு. தமையனார் இருக்காரே, அவர் உக்காந்து பண்ணிக் கொடுக்கட்டுமே. எல்லாம் ஒரே கோத்திரம்தானே?"

எல்லோர் தலையும் ஆடியது. சம்பந்தி கடியாரத்தைப் பார்த்தார். அண்ணா கண் கலங்கி நின்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்தோடேயே அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "எழுந்துக்கோடா சாமா. நான் வேற, நீ வேறயா?" என்று அவர் உதடு சொன்னது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்? காதை நனைத்தவரும் அவர், காது இல்லை என்று என் இடத்தில் உட்கார வருகிறவரும் அவர். இருபது வருஷம் வளர்த்த பெண்ணை எழுந்து நின்று வேடிக்கை பார்த்துக் கொடுப்பதா? எழுந்திருக்க மாட்டேன் என்றேன். உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பந்தலே திரும்பிப் பார்த்தது. விசாலம் தாரைச் செம்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

தாரை வார்க்கும்போது பெண் தகப்பன் மடியில் உட்காருவது எங்கள் வழக்கம். அதற்கு ஒரு நேரம் இருக்கிறது, சாஸ்திரிகள் கூப்பிட வேண்டும். யாரும் கூப்பிடாமல் ஜெயா வந்தாள். பட்டுப்புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெரியப்பாவைத் தாண்டிக்கொண்டு வந்து, என் மடியில் உட்கார்ந்தாள். என் தாடையைப் பிடித்துத் திருப்பி, இடது காதில் வாயை வைத்தாள்.

"அப்பா, கேக்கறதா?"

கேட்டது. காதுக்கு ஒரு சாண்கூட இல்லை.

"பேஜார் பண்ணிக்காதீங்கோ. அவர் சொல்றதை நான் இங்க சொல்றேன். நீங்க சொல்லுங்கோ."

பிறகு என் காதுக்கருகில் இருந்தபடியே சாஸ்திரிகள் பக்கம் திரும்பினாள்; அதனால் அதுவும் எனக்குக் கேட்டது. என்ன வேகத்தில் சொன்னாள் தெரியுமா? "நீவு ஹேளி ஸ்வாமி, நானு ஹேள்தீனி!" நீங்கள் சொல்லுங்கள், நான் சொல்கிறேன் என்று கன்னடத்தில். தம்பியைத் திட்டுகிற அதே குரல். சாஸ்திரிகளுக்குத் தமிழும் தெரியும். ஆனால் இவளுக்கு நிஜமாகக் கோபம் வந்தால் தமிழ் வராது.

மணப்பெண் தலை குனிந்து உட்கார வேண்டியவள். பெண் வாயால் மந்திரமா என்று சாஸ்திரிகள் முகம் சிவந்தது. அண்ணா இரண்டு கையையும் உயர்த்தினார். சம்பந்தி மறுபடி கடியாரத்தைப் பார்த்தார். இந்தச் சமயத்தில் மாப்பிள்ளைப் பையன், அவன் மகராஜனாக இருக்கட்டும், சாஸ்திரிகளிடம் குனிந்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாஸ்திரிகள் பெருமூச்சு விட்டுவிட்டு ஆரம்பித்தார்.

அவர் சொன்னார். ஜெயா என் காதில் சொன்னாள். நான் சொன்னேன். உச்சரிப்பு கொஞ்சம் மைசூர்ப் பக்கம் சாய்ந்திருந்தது, இருக்கட்டும். ஒரு எழுத்து விடவில்லை. என் பாட்டனார் பெயரைச் சொன்னாள். அவரை அவள் பார்த்ததே இல்லை. என் அப்பா பெயரைச் சொன்னாள். அப்புறம் ஒரு கணம் நின்றாள். அப்பா பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத பெண்.

"ஸ்வாமிநாத சர்மா" என்றாள்.

என் பெயரை நானே சொன்னேன். என் பெண்ணை நானே கொடுத்தேன். விசாலம் ஊற்றின தண்ணீர் எங்கள் கையெல்லாம், மடியெல்லாம் ஓடியது. நனைவதைப் பற்றி அப்போது யாருக்குக் கவலை?

தாலி கட்டி முடிந்ததும் அண்ணா நாலு பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். எல்லோருக்கும் உதடு துடித்துக்கொண்டிருந்தது. பெண்பிள்ளை மந்திரம் சொன்னது மகா தோஷம், இது நம் குடும்பத்தில் நடக்காத அக்கிரமம், மைசூரில் வளர்த்தால் இப்படித்தான் ஆகும், பிராயச்சித்தம் செய்தாக வேண்டும் என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு பேசினார்கள். எல்லாம் நல்ல மாயவரத்துத் தமிழ். ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் எனக்குப் புரிந்தது.

நான் காதைத் தொட்டுக் காட்டினேன்.

அண்ணா இன்னும் கிட்ட வந்து, இன்னும் பெரிதாக வாயைத் திறந்து, முதலிலிருந்து சொன்னார். வெள்ளிச் செம்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"ஒண்ணும் கேக்கலையே, அண்ணா" என்றேன். "மெஷின் நனைஞ்சுடுத்து."